பக்கம் புரட்டுகிறவள்

மன்னி பின்கட்டில் உட்காரும் நாட்களில் அவளுடைய புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது என் வேலை.

மாதவிலக்கு நாட்களை எங்கள் வீட்டில் தூரம் என்பார்கள். தூரமானவள் மூன்று நாள் பின்கட்டு அறையில் தனியாக இருக்க வேண்டும். அடுக்களை, பூஜை, கிணறு எதையும் தொடக் கூடாது. புத்தகத்தையும் தொடக் கூடாது, அது சரஸ்வதி. பாயை அலசலாம், தட்டைக் கழுவலாம், புத்தகத்தை எப்படிக் கழுவுவது என்பது அம்மாவின் கேள்வி. அதனால் மன்னி சுவரோரம் பாயில் உட்காருவாள். நடுவில் ஒரு மணை, மணைமேல் அவளைப் பார்த்தபடி புத்தகம். எதிர்ப்பக்கம் நான். அவள் தலையசைத்தால் புரட்டுவேன்.

புத்தகம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். வேறு வேலை இல்லாததால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நாளில் இங்கிலீஷ் எழுத்துகள் தலைகீழாகவே எனக்குப் படிய ஆரம்பித்தன. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரிதான் எனக்குக் கிட்டத்தில் இருக்கும், கடைசி வரி மன்னியின் முழங்காலை ஒட்டி இருக்கும். அவள் கண் அங்கே இறங்குவதைப் பார்த்து, தலையசைப்பதற்கு முன்பே விரலைத் தயாராக வைப்பேன்.

மன்னியின் பெயர் திரிபுரசுந்தரி. பாலக்காட்டுப் பெண். பி.காம். முடித்திருந்தாள். கல்யாணமானதும் என் அண்ணா வெங்கிடராமன் பம்பாய்க்குத் திரும்பிப் போய்விட்டான். அங்கே அவன் வேறு ஆண்களோடு ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்தான். பெண்டாட்டியை எங்கே அழைத்துப் போவது? மன்னி மட்டாஞ்சேரியில் எங்களோடு இருந்தாள். அண்ணாவுக்குத் தெரிந்த ஒரு நிதிக் கம்பெனியில், எம்.காம். பாஸ் பண்ணினால் வேலை உண்டு என்றார்கள். இரண்டு சம்பளம் வந்தால் தாணேயில் ஒற்றை அறையாவது கிடைக்கும். மன்னி தபால் வழியில் எம்.காம். சேர்ந்தாள். முதலீடும் நிதியும்தான் அவளுடைய விசேஷப் பாடம்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "படிக்கட்டுமே, ஆரு வேண்டாம்னா? அடுக்களை ஒழிஞ்சப்புறம் நன்னாப் படிக்கட்டும்" என்றாள் அம்மா. அடுக்களை ஒழியவே இல்லை. காலையில் இட்லி, அப்புறம் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு, அப்புறம் அரிசி புடைப்பது, அப்புறம் சாயங்காலம். தூரமான மூன்று நாள் மட்டுமே மன்னியை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டீச்சர் கேள்வி கேட்டு நான் எழுந்து நின்றால் வார்த்தை குழறும். மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பேன், வகுப்பே சிரிக்கும். ஒருநாள் வயிற்று வலி என்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு போகவே இல்லை. அப்பா ஒரு தடவை காரணம் கேட்டார், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு என்னோடு ஓர் அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்தவள் மன்னி ஒருத்திதான். அவள் புத்தகத்தோடு உட்கார்ந்தாள், நான் அவளோடு உட்கார்ந்தேன்.

பின்கட்டு ஜன்னலுக்கு அப்பால் ஒரு கிடங்குச் சுவர். அதற்கு அப்பால் மிளகு வியாபாரிகள் கூடுகிற மாடி. குஜராத்தியும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து அங்கே விலை கூவுவது எங்களுக்குக் கேட்கும். அப்பா அந்த வியாபாரிகளில் ஒருவரிடம்தான் குமாஸ்தா.

"கேட்டியா கங்கே, இன்னும் கொடியிலேயே இருக்கற மிளகை இப்பவே வித்திண்டிருக்கா" என்றாள் மன்னி ஒருநாள். "அங்க தொண்டை கிழியக் கத்தறதைத்தான் இந்தப் புஸ்தகத்துல சத்தமில்லாம எழுதி வெச்சிருக்கான்."

"ரிஸ்க்குன்னு பக்கத்துக்குப் பக்கம் வரதே, அப்படின்னா என்ன மன்னி?"

"என்ன நடக்கப்போறதுன்னு தெரியாம காசைப் போடறது."

"கல்யாணம் மாதிரியா?"

மன்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அசடே, இதுன்னா பிடிக்கலைன்னா வித்துடலாம்."

கணக்குகளை அவள் அடுப்புக்கரியால் சிமென்ட் தரையில் போடுவாள். தரையைக் கழுவிவிடலாம் என்பதால் அதற்குத் தடையில்லை. இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் அடுத்த வருஷம் வரப்போகும் நூறு ரூபாயும் ஒன்றல்லவாம். காத்திருக்கிற காலத்துக்காகக் கழிக்க வேண்டுமாம். எவ்வளவு கழிப்பது என்பதற்குப் புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது.

"அப்போ காத்திண்டிருக்கறவாளுக்கு நஷ்டமா?" என்று கேட்டேன்.

"அதாக்கும் இந்த மொத்தப் புஸ்தகமும்" என்றாள் மன்னி. "புரட்டு."

அந்த மழைக்காலத்தில் மன்னிக்கு அடிக்கடி தூரமாயிற்று. ஒருநாள் நான் ஒரு பாத்திரத்தோடு திரும்பி வந்தபோது அவள் தானே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னி! தொட்டுட்டேளே!"

அவள் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் ஆகலைடி. இந்தத் தரம் வெறுதே சொன்னேன். போன தரமும் வெறுதேதான். வேற எப்பப் படிக்கறது, நீயே சொல்லு."

நான் எதிரில் உட்கார்ந்து புத்தகத்தை என் கைக்கு இழுத்துக்கொண்டேன். அம்மா எந்த நேரமும் அந்தப் பக்கம் வரலாம்.

அம்மாவுக்குக் கவலை வந்தது. "இதென்ன, மாசத்துல பாதி நாள் பின்கட்டுலயே இருக்கா. ரத்தமெல்லாம் போயிடுமே." அசோகப்பட்டைக் கஷாயம் வைத்து, டம்ளரைத் தரையில் தள்ளி வைத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். மன்னி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். அம்மா போனதும், "எம்.காமுக்கு ஃபீஸ் கட்டினது போறாதுன்னு இது வேற" என்று நாக்கை வழிப்பாள். அப்போதெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரிப்போம். எனக்குச் சிரிப்பதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஒரே ஒரு தடவை எனக்கும் நிஜமாகவே அதே நாட்களில் ஆயிற்று. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மூன்று நாளும் மன்னியோடு இருக்கலாம், ராத்திரிகூட அங்கேயே படுக்கலாம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மன்னி என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குத்தானா உனக்கு?" என்றாள்.

இரண்டு பேரும் புத்தகத்தைத் தொடக் கூடாதவர்கள். அம்மா புத்தகத்தை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டாள். மன்னி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த மூன்று நாளும் தரையில் கரிக்கோடு விழவில்லை. பேச்சும் அதிகமில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, என்னை ஒன்றும் சொல்லவும் இல்லை. பக்கம் புரட்ட முடியாதபோது என்னோடு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஈசுவரனை வேண்டிக்கொண்டேன், இனி ஒரு தடவை இப்படிச் சேர்ந்து வரக் கூடாதென்று.

கடைசிப் பரீட்சைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் எழுத வேண்டும். மற்றப் பேப்பர்களுக்கு அப்பா சம்மதித்தார். கடைசிப் பேப்பர் அன்றைக்குத்தான் தாத்தாவின் தெவசம். முதலீட்டுப் பேப்பர் அதுதான்.

மன்னி கூடத்துத் தூணருகே நின்று கேட்டாள். "அப்பா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். குரலை உயர்த்தும் வழக்கம் அவருக்கு இல்லை. "பரீக்ஷை மறுபடியும் வரும் கொழந்தே. எங்கப்பாவுக்கு வருஷத்துல ஒரு நாள்தான் சாப்பாடு."

"கம்பெனியில ஜூன் வரைக்குந்தான் இடம் வெச்சிருப்பாளாம்."

"இடம் வேற கிடைக்கும். மாட்டுப்பொண் இல்லாம தெவசம் நடத்தினேன்னு நாளைக்கு நாலு பேர் சொல்லப்படாது."

அன்று முழுவதும் மன்னி தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் என்னிடம் கிணற்றடியில் சொன்னாள்.

"முதல் நாளே தூரம்னு சொல்லிடப் போறேன்."

எனக்குப் புரிந்தது. தெவசத்தன்று தூரமானவளின் நிழல்கூட வீட்டில் விழக் கூடாது. எறணாகுளத்தில் இருக்கும் கமலாக்ஷி சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சித்தி அம்மாவின் தங்கை. வழியில்தான் கல்லூரி.

"சித்தியாத்துக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தாப் போறும். படகு வரலைன்னு சொல்லிக்கலாம். நீ மட்டும் வாயைத் திறக்காம இரு."

"நான் எப்பத் திறந்தேன்" என்றேன்.

அவள் சொன்னபடியே நடந்தது. அம்மா தலையில் கை வைத்தாள். அவளுடைய வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்து, எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு இருந்தாள். "பார்த்து வரதே, இந்த நாள் பார்த்து! என் கையோ இப்படி. அரைக்கறதுக்கு ஆரு?"

"கங்கா இருக்காளே அம்மா" என்றாள் மன்னி பின்கட்டிலிருந்து.

கல்யாணமாகாத பெண் தெவசச் சமையலில் அடுப்பைத் தொடக் கூடாது. ஆனால் அரைக்கலாம், நறுக்கலாம், தண்ணீர் இழுக்கலாம். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "சரி, மடியா இருந்துக்கோ" என்றாள்.

காலையில் முதல் படகுக்கே மன்னி கிளம்பினாள். ஒரு துணிப்பை, அதற்குள் பேனாவும் ஹால் டிக்கெட்டும் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். "படகுல ஆர் மேலயும் படாம ஓரமா நில்லு" என்றாள் அம்மா. மன்னி தலையாட்டினாள். வாசல் திருப்பத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சூத்திரத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நான் குளித்து, ஈரமாகப் பிழிந்து உலர்த்திய மடிப்புடவையைக் கட்டிக்கொண்டு அம்மிக்குப் போனேன். தெவசத்துக்கு மிளகாய் ஆகாது, எல்லாம் மிளகுதான். மிளகைக் கல்லில் பரப்பிக் குழவியை இழுத்தபோது அடிவயிறு பிடித்துக்கொண்டது. எழுந்து கிணற்றடிக்குப் போனேன். சந்தேகமில்லை.

அங்கேயே சற்று நேரம் நின்றேன். சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கையால் அரைக்க முடியாது. வேறு பெண் வேண்டும். அப்பா உடனே படகேறிக் கமலாக்ஷி சித்தியை அழைத்துவரப் போவார். அங்கே மன்னி இருக்க மாட்டாள். சொல்லாமல் இருந்தால், தூரமானவள் அரைத்ததைத் தாத்தா சாப்பிட வேண்டும். அவர் பசியோடு திரும்பிப் போவார், வீட்டுக்கு ஆகாது, வம்சத்துக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் காதில் வந்தது. மன்னியின் அந்த வார்த்தையும் வந்தது. இன்னிக்குத்தானா உனக்கு?

மறுபடி தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். துணி மாற்றினேன். அடுக்களைக்குள் போனேன். அம்மா அடுப்பில் பாயசத்துக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு..."

"பேசாம அரை" என்றாள் அம்மா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாத்தியார் வர நேரமாச்சு. எதுவா இருந்தாலும் எலை எடுத்தப்புறம் சொல்லு."

அரைத்தேன். மிளகு, பிறகு உளுந்து, பிறகு எள். வாழைக்காயும் பாகற்காயும் நறுக்கினேன். தண்ணீர் இழுத்தேன். அம்மா நடுநடுவே, "அதை நான் எடுத்துக்கறேன், நீ உட்காரு" என்று புண்விரலாலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் அங்கே மன்னிக்குக் கேள்வித்தாளைக் கொடுத்திருப்பார்கள். எழுதும்போது பக்கத்தை அவளே புரட்டிக்கொள்வாள். அதை நினைத்தபோது, எதற்கென்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது. மிளகுக் காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிராமணர்கள் சாப்பிட்டார்கள். "துவையல் அமிர்தமா இருக்கே" என்று ஒருவர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். பிறகு அப்பா பிண்டத்தைக் கிணற்றடிச் சுவரில் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டார்.

காக்கை வரவில்லை.

அப்பா மறுபடி கூப்பிட்டார். கிடங்குக் கூரையில் இரண்டு உட்கார்ந்திருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன, அசையவில்லை. அடுக்களை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நான் நின்றேன்.

"ஏதாவது குறை வந்துடுத்தோ?" என்றார் அப்பா.

"மட்டாஞ்சேரிக் காக்கைக்கு மீன் கெடைக்கறது, உங்க சாதத்துக்கு என்ன அவசரம்" என்றாள் அம்மா என் பின்னாலிருந்து. "சித்தெ தள்ளி நில்லுங்கோ. உங்களைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

அப்பா விலகினார். ஒரு காக்கை இறங்கியது. சுவரில் தத்தித் தத்தி வந்து, உருண்டையைக் கொத்தி, பாதியைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மற்றது மீதியைத் தின்றது. அவ்வளவுதான். வானம் அப்படியே இருந்தது. மிளகு மாடியில் யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

இலைகளை எடுத்து, வாத்தியாரும் போன பிறகு அம்மா கையைக் கழுவிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"இப்பச் சொல்லு" என்றாள்.

நான் அம்மிக் குழவியைத் துடைக்கப் போனேன்.

"கெணத்தடியில ரெண்டாந்தரம் குளிச்சப்பவே கண்டேன். நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததுக்குத் தோஷமில்லை. இப்பச் சொன்னா இப்பத்தான் ஆச்சு. சொல்லு."

"எனக்குத் தூரமாயிருக்கும்மா."

"சரி. பின்கட்டுக்குப் போ. சாதம் கொண்டு வரேன்." நாலடி போய்விட்டு நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அவ இந்நேரம் எழுதி முடிச்சிருப்பாளோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. விரலில் எலுமிச்சம்பழத்தைத் திரும்பச் சொருகிக்கொண்டிருந்தாள்.

மன்னி விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தாள். அவளுடைய மூன்று நாள் இன்னும் முடியவில்லை என்பதால் கொல்லை வழியாகப் பின்கட்டுக்கே வந்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அந்த அட்டவணைக் கணக்கே வந்ததுடி! அப்படியே கண்ணுக்கு முன்னாடி நின்னது. பங்குக்கு மதிப்புப் போடற கேள்வி ஒண்ணு, அதுவும் முழுசா எழுதினேன். பாஸாயிடுவேன் கங்கே, நிச்சயம் பாஸாயிடுவேன்." அப்புறம்தான் என் பாயைப் பார்த்தாள். "நீயும் இங்கயா? எப்போ ஆச்சு?"

நான் நாள் முழுக்க இதற்குத்தான் காத்திருந்தேன். கிணற்றடி, மிளகு, காக்கை எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் இருந்தன.

"இப்பத்தான்" என்றேன்.

"நல்ல வேளை, தெவசம் முடிஞ்சு ஆச்சு" என்றாள் மன்னி. துணிப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். "இனிமே ஒனக்கும் விடுதலை, பக்கம் புரட்ட வேண்டாம்." பரீட்சை மண்டபத்தில் மின்விசிறி சுற்றாததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் தூங்கிப்போனாள்.

பாஸானாள். ஜூனில் அண்ணா வந்து அழைத்துப் போனான். பெட்டி கனக்கிறது என்று அந்தத் தடிப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாள். துறைமுக ஸ்டேஷனில் ரயில் கிளம்பியபோது அவள் எல்லோருக்கும் கை காட்டினாள், எனக்கும் காட்டினாள். கடிதங்கள் அப்பா பெயருக்கு வந்தன. கடைசி வரியில், கங்காவுக்கு அன்பு என்று இருக்கும்.

அடுத்த மாதம் நான் மட்டும் பின்கட்டில் உட்கார்ந்தேன். அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். பிறகு திரும்பி வந்து, மாடத்திலிருந்த புத்தகத்தை எடுத்து மணைமேல் வைத்தாள்.

மன்னி உட்காரும் சுவரோரத்தில் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துகள் நேராக நின்றன. ஒன்றும் படியவில்லை. எல்லாம் அந்நிய முகங்களாக இருந்தன. கொஞ்ச நேரம் முயன்று பார்த்தேன். பிறகு எழுந்து, மணையைச் சுற்றிக்கொண்டு என் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. சுவரோரத்தில் பாய் விரிக்காத தரை. ஒரு பக்கம் முழுதும் படிக்க மன்னிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் போனதும் பக்கத்தைப் புரட்டினேன்.